ஒரு வருஷம் காசு கட்டிப் படிச்ச ஊர்ப் பேப்பர்: ஈ-பேப்பரும் ஆப்பும் எப்படி?

போன வருஷம் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிட்டு பெங்களூர் திரும்பின அன்னைக்கு ராத்திரியே ஒரு தமிழ் நாளிதழோட டிஜிட்டல் சந்தா கட்டிட்டேன். வருஷத்துக்கு 999 ரூபா, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, மொத்தம் 1,178 ரூபா 82 பைசா. ஈ-பேப்பர், ஆப்ல பிரீமியம் கட்டுரை, விளம்பரம் இல்லாத வாசிப்புன்னு மூணு விஷயம் தர்றதா போட்டிருந்தாங்க. இப்ப வருஷம் முடிஞ்சிருச்சு, ரெனியூ பண்ற நேரத்துல இதை எழுதிடணும்னு தோணுச்சு, ஏன்னா கட்டுறதுக்கு முன்னாடி நான் தேடுனப்போ ஒரு தமிழ்ப் பேப்பரோட ஈ-பேப்பர் காசுக்குத் தகுந்த மாதிரி இருக்கான்னு யாரும் விவரமா எழுதி என் கண்ணுல படல. பேப்பர் பேரைச் சொல்லல. எங்க வீட்டுல அப்பா முப்பது வருஷமா வாங்குற பேப்பர்தான் அது, அவங்களை சந்தில நிறுத்தணும்னு எனக்கு ஆசை இல்ல, அவங்க நல்லா இருக்கணும்னுதான் இவ்வளவு தூரம் எழுதுறேன்.

எங்க ஊர் சங்கரன்கோவில் பக்கம். பெங்களூர்ல தமிழ்ப் பேப்பர் கிடைக்காம இல்ல, எங்க ஏரியா பஸ் ஸ்டாப் கடைலயே தொங்குது, ஆனா அது பெங்களூர் பதிப்பு. முதல் பக்கம் ஏறக்குறைய ஒண்ணுதான், உள்ள திருப்புனா நெல்லை தென்காசிப் பக்கம் இருக்காது. எனக்கு வேணும்ங்கிறது அந்த ரெண்டு மூணு பக்கம்தான். டெல்லில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆயிரம் இடம் இருக்கு, எங்க ஊர் குளத்துக்குத் தண்ணி வந்துச்சா, பூ மார்க்கெட்ல மல்லி என்ன விலை போச்சு, அரசு ஆஸ்பத்திரில டாக்டர் இல்லன்னு யாரு மறியல் பண்ணுனாங்க, இதைச் சொல்ல அந்தப் பேப்பரை விட்டா வேற ஆள் கிடையாது. இதுக்குத்தான் காசு கட்டுனேன், இந்த ஒரு கணக்கை வச்சுத்தான் முழு ரிவ்யூவும்.

முதல்ல ஈ-பேப்பர். காலைல 5 மணிக்கெல்லாம் ஏறிடுது, வருஷம் பூரா லேட்டானது நாலஞ்சு நாள் இருந்தா அதிகம். எல்லா ஊர்ப் பதிப்பும் திறந்து பாக்கலாம், இது எனக்குப் பெரிய விஷயம், ஏன்னா தங்கச்சி இருக்கிற திருச்சிப் பதிப்பையும் ஒரு புரட்டு புரட்டிடுவேன். அச்சுல வந்த மாதிரியே பக்கம் அப்படியே இருக்கும். இதுல இருக்கிற அருமை ஆப்பை மட்டும் பாத்துப் பழகினவங்களுக்குப் புரியுமான்னு தெரியல. ராத்திரி ஒரு டெஸ்க்ல ஒருத்தர் உக்காந்து இந்தச் செய்தி நாலு காலம் (பக்கத்துல மேல இருந்து கீழ ஓடுற column), இது ஒத்தைக் காலம், இது கடைசிப் பக்கம் போதும்னு முடிவு பண்ணி வச்சிருக்காரு. எது பெருசு எது சின்னதுன்னு படிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு சொல்லிடும். அப்புறம், பேப்பர் முடியும். கடைசிப் பக்கம் வந்தா முடிஞ்சு போச்சு, போனைக் கீழ வச்சிட்டு குளிக்கப் போயிடலாம். இந்த "முடிஞ்சுது"ங்கிற நிம்மதி இன்னைக்கு வேற எந்த நியூஸ்லயும் எனக்குக் கிடைக்கல.

ஆனா போன்ல படிக்கிறது சிரமம். பக்கத்தை விரலால விரிச்சு விரிச்சு ஒரு காலம் படிச்சு முடிச்சு அடுத்த காலத்துக்கு மேல போறதுக்குள்ள எங்க இருந்தோம்னே தெரியாம போயிடும். செய்தி மேல தட்டுனா அது மட்டும் தனியா ஒரு படமா திறக்குது, படம்தான், எழுத்து இல்ல. அதனால எழுத்தை மட்டும் பெருசு பண்ண முடியாது, தேட முடியாது, கண்ணு தெரியாதவங்க போனை வாய்விட்டுப் படிக்க வச்சா அதுக்கும் ஒண்ணும் கேக்காது. "தொடர்ச்சி 6-ம் பக்கம்"னு போட்டிருப்பாங்க, அதைத் தட்டுனா 6-ம் பக்கம் போகாது, நாமளே தேடிப் போகணும். அச்சுல அந்த வரிக்கு அர்த்தம் இருக்கு, திரைல அந்த வரியைத் தட்டுற மாதிரி பண்ண எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?

பிடிஎஃப் இறக்கிக்கலாம், ஒரு நாளைக்கு ஒரு பதிப்புதான். அதுல இருந்து ஒரு பத்தியை காப்பி பண்ணி தங்கச்சிக்கு வாட்ஸப்ல ஒட்டிப் பாத்தேன், வந்தது பூரா ஆங்கில எழுத்தும் கமாவும் ஏதேதோ குறியும். இது ரொம்பப் பழைய வியாதி. 90கள் கடைசில தமிழ்ப் பேப்பர் எல்லாம் இணையத்துக்கு வந்தப்போ ஆளுக்கு ஒரு எழுத்துரு வச்சிருந்தாங்க, ஒரு பேப்பர் சைட்டைத் திறக்கணும்னா முதல்ல அவங்க ஃபான்ட்டை டவுன்லோடு பண்ணணும், இல்லாட்டி கட்டம் கட்டமா தெரியும். பிரவுசிங் சென்டர்ல அரை மணி நேரத்துக்குக் காசு குடுத்துட்டு அதுல பாதி நேரம் ஃபான்ட் இறங்குறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தவங்க நிறைய பேர் இருப்பீங்க. இந்தக் குழப்பத்தைத் தீக்கத்தான் 1999 பிப்ரவரில சென்னைல தமிழ்நெட் 99 மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டு குறியாக்கமும் தமிழ் 99 கீபோர்டும் கொண்டு வந்தாங்க, அப்புறம் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் வந்து வெப்சைட் எல்லாம் மாறிடுச்சு. பக்கம் போடுற டெஸ்க் மட்டும் இன்னும் பல இடத்துல பழைய எழுத்துருலயே ஓடுது. அதனாலதான் ராத்திரி பூரா மனுஷங்க உழைச்சு எழுதுன செய்தி காலைல தேட முடியாத படமா நம்ம கைக்கு வருது.

இப்ப ஆப். அதே கம்பெனி, அதே பேரு, அதே லோகோ, திறந்தா வேற யாரோ வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. நோட்டிபிகேஷன்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு செவ்வாக்கிழமை உக்காந்து எண்ணுனேன், எந்திரிச்சதுல இருந்து படுக்கிறவரைக்கும் 37 வந்துச்சு. தங்கம் விலை, ராசிபலன், நடிகை போட்ட போட்டோ, ஓடிடில என்ன வருது, மறுபடியும் தங்கம் விலை. எங்க மாவட்டம் சம்பந்தப்பட்டது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு, "தென்காசியில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியான முக்கியத் தகவல்"னு. அக்கா பையன் அங்க எட்டாவது படிக்கிறான், பதறிப் போய்த் தட்டுனா மழை எப்படிப் பெய்யுதுன்னு ஒரு பத்தி, போன வருஷம் எப்படிப் பெய்ஞ்சதுன்னு ஒரு பத்தி, நடுவுல நாலு விளம்பரம், கடைசில "மாவட்ட நிர்வாகம் இதுவரை அறிவிப்பு எதுவும் வெளியிடவில்லை". மறுநாள் காலைல அதே பேப்பரோட ஈ-பேப்பர்ல முதல் பக்கத்துல ஒத்தை வரி, எந்தெந்த மாவட்டத்துக்கு லீவுன்னு. அந்த ஒத்தை வரிக்கு இருந்த மரியாதை அந்த ஆறு பத்திக்கு இல்ல.

தலைப்பு போட்டு ஆளை இழுக்கிறது பேப்பர்காரங்களுக்குப் புதுசு இல்ல, தெரியும். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு கடைல கம்பில மாட்டித் தொங்கவிட்ட போஸ்டரைப் படிச்சிட்டுத்தான் பாதிப்பேர் பேப்பரே வாங்குவாங்க. பெரிய பெரிய எழுத்துல மூணு வரி, அதைப் பாத்துட்டு பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கிட்டு ஏறுன ஆளை நான் பாத்திருக்கேன். ஆனா போஸ்டர்ல இருந்தது பேப்பருக்குள்ள இருக்கும். இல்லன்னா மறுநாள் அந்தக் கடைக்காரர் மூஞ்சில முழிக்கணும், "என்னய்யா ஒண்ணுமே இல்லயே உள்ள"ன்னு கேட்டுருவாங்க. ஆப்ல அப்படிக் கேக்க ஆள் இல்ல. தட்டுனா போதும், தட்டுனதுக்கு விளம்பரக் காசு வந்துருச்சு, படிச்சவன் ஏமாந்தானா இல்லையாங்கிற கணக்கு அங்க எங்கயுமே வர்றது இல்ல.

விளம்பரம் இல்லாத வாசிப்புன்னு சொன்னாங்களே, அது பிரீமியம் முத்திரை குத்துன கட்டுரைக்கு மட்டும்தான். மத்ததுல எல்லாம் திரைக்குக் குறுக்க வந்து நிக்குது, மூடுற எக்ஸ் குறி எள்ளு சைஸ்ல இருக்கு. அந்தப் பிரீமியம் கட்டுரைகள் நல்லாவே இருக்கு, அதைச் சொல்லணும், நடுப்பக்கத்துல வர்ற தண்ணி, நிலம், பள்ளிக்கூடம் பத்தின கட்டுரையை எல்லாம் எழுத்தா, பெருசு பண்ணிப் படிக்கிற மாதிரி குடுத்திருக்காங்க. ஆனா அதைப் போய்ச் சேர மூணு இடத்துல தட்டணும். கடைக்காரர் நல்ல சரக்கை பரண்ல ஏத்தி வச்சிட்டு வாசல்ல வெடியும் பலூனும் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. மாவட்டச் செய்திப் பகுதின்னு ஒண்ணு இருக்கு, அதுல தென்காசியைத் தேர்ந்தெடுத்தா பல நாள் முந்தின நாள் செய்தியே நிக்கும். அச்சுல மூணு பக்கம் வந்திருக்கும், ஆப்ல அஞ்சு செய்தி.

இப்ப இந்தச் சந்தாவால எனக்கு நிஜமா நடந்த ஒரு நல்லதைச் சொல்றேன். மாசி மாசம் ஒரு நாள் காலைல ஆறே முக்கால் இருக்கும், ஆபீஸ் பஸ்ஸுக்கு நின்னுட்டே ஊர்ப்பக்கத்தைப் புரட்டிட்டு இருந்தேன். கீழ ஓரத்துல கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கும் டெண்டர் அறிவிப்புக்கும் நடுவுல ரெண்டு காலத்துல ஒரு பொது அறிவிப்பு, வக்கீல் பேரு போட்டது. நான் இதை எல்லாம் படிக்கிற ஆள் இல்ல, எங்க கிராமத்துப் பேரு கண்ணுல பட்டுச்சு, அதனால விரிச்சுப் பாத்தேன். இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், மேற்படி சொத்தின் மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது, யாருக்கேனும் ஆட்சேபணை இருப்பின் இந்த அறிவிப்பு வெளியான 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் எவருக்கும் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும். அந்த சர்வே நம்பர்ல எங்க தாத்தா பங்கும் இருக்கு. உட்பிரிவு பண்ணாம கூட்டுப் பட்டாவா கிடக்கிற இடம்.

பஸ்ல ஏறாம அங்கயே நின்னு சித்தப்பாவுக்குப் போன் பண்ணுனேன். "சித்தப்பா, இன்னைக்குப் பேப்பர் வந்துருச்சா, ஏழாம் பக்கம் கீழ பாருங்க"ன்னேன். அவரு கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "நம்ம நம்பர்லாடே இது"ன்னாரு. அப்பா அதே பேப்பரை அன்னைக்குக் காலைல அரை மணி நேரம் படிச்சிருக்காரு, அந்த ஓரத்தைப் பாக்கல, கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து பொடி எழுத்தை அவரு விட்டுருவாரு. ரெண்டே நாள்ல ஊர் வக்கீலைப் பாத்து பதிவுத் தபால்ல ஆட்சேபணை அனுப்புனோம். அறிவிப்பு குடுத்தவங்க தரப்புலயும் கெட்ட எண்ணம் இல்ல, எல்லை தெரியாம முழு நம்பரையும் போட்டுட்டாங்க, உக்காந்து பேசித் தீத்தாச்சு. அந்த 15 நாள் தாண்டியிருந்தா கோர்ட்டு, கேஸுன்னு எத்தனை வருஷம் அலைஞ்சிருப்போமோ.

அன்னைக்கு சாயங்காலம் ஆப்பைத் திறந்து எங்க கிராமத்துப் பேரை, சர்வே நம்பரை, "பொது அறிவிப்பு"ங்கிற வார்த்தையை எல்லாம் போட்டுத் தேடுனேன். ஒண்ணும் வரல. வராது, ஏன்னா அது விளம்பரம், விளம்பரம் அச்சுப் பக்கத்துல மட்டும்தான் இருக்கு, ஈ-பேப்பர்ல அது படம். இதைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல. பத்திரம் தொலைஞ்சா பேப்பர்ல விளம்பரம் குடுக்கச் சொல்றாங்க. அரசாங்கம் நிலம் எடுத்தா 2013 சட்டப்படி முதல் அறிவிக்கையை அந்தப் பகுதில ஓடுற ரெண்டு நாளிதழ்ல போடணும், அதுல ஒண்ணு உள்ளூர் மொழில இருக்கணும். கடன் கட்டலன்னு பேங்க் ஒரு வீட்டை சுவாதீனம் எடுத்தாலும் அந்த அறிவிப்பு ரெண்டு பேப்பர்ல வரணும், அதுலயும் ஒண்ணு ஊர் மொழிப் பேப்பர். சட்டமே நம்பி ஒப்படைச்ச இடம் அது. "உங்க ஊர் பேரைக் குடுங்க, அந்த ஊர் சம்பந்தமா செய்தி, அறிவிப்பு, ஏலம், அஞ்சலி எது வந்தாலும் ஒரு மெசேஜ் வரும்"னு மட்டும் அவங்க ஒரு வசதி பண்ணட்டும், ஊரை விட்டு வெளிய கிடக்கிற எத்தனை ஆயிரம் பேர் காசு கட்டுவாங்க தெரியுமா? நான் ரெண்டு மடங்கு கட்டுவேன். அந்த 37 நோட்டிபிகேஷன்ல இது ஒண்ணு வந்திருந்தா போதும்.

அச்சுப் பேப்பரோட நிலைமையும் தெரிஞ்சுக்கணும்னு ஊருக்குப் போனப்போ விடிகாலைல எங்க ஏஜென்ட் அண்ணாச்சி கூட பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன். நாலு மணிக்கு வேன் வந்து கட்டை எறிஞ்சிட்டுப் போகும். அண்ணாச்சி தரைல சாக்கை விரிச்சு உக்காந்து கட்டு உடைச்சு எண்ணி, ஒவ்வொரு பேப்பருக்குள்ளயும் இணைப்பைச் சொருகி, தெருவாரியா அடுக்குறாரு. விரல் நுனி எல்லாம் மை. முன்னாடி ஆறு பையன்க லைன் போட்டாங்க, இப்ப ரெண்டு பேரும் அண்ணாச்சியும்தான். "தம்பி, ஒரு தெருவுல முப்பது பேப்பர் விழுந்தா அது லைனு. அதே தெருவுல ஏழு விழுந்தாலும் அந்த ஏழுக்கும் வண்டி அம்புட்டுத் தூரம் போய்த்தான ஆகணும். கமிஷன் பெட்ரோலுக்கே போயிருது"ன்னாரு. எப்ப இருந்து இப்படின்னு கேட்டேன், யோசிக்கவே இல்ல, "கொரோனா"ன்னுட்டாரு. 2020 மார்ச்ல பேப்பரைத் தொட்டா நோய் ஒட்டும்னு வாட்ஸப்ல பரவினதுல வேணாம்னு நிறுத்துனவங்கள்ல பாதிப்பேர் திரும்பி வரவே இல்லையாம். அந்த நேரத்துல பேப்பர் பிடிஎஃப் எல்லாம் குரூப் குரூப்பா இலவசமா சுத்துச்சு, நானும் படிச்சிருக்கேன், அது தப்புன்னு அப்ப உறைக்கல. இந்திப் பேப்பர் தைனிக் ஜாக்ரன் நடத்துறவங்க டெலிகிராம் மேல டெல்லி ஹைகோர்ட்டுக்கே போனாங்க, அந்த மே மாசம் கோர்ட் அவங்க பக்கம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு.

பேப்பர் விக்கிற விலைல பேப்பர் அடிக்கிற செலவே வராது, அது எப்பவுமே அப்படித்தான், மிச்சத்தை விளம்பரம் தாங்கும். கரூர் பக்கம் புகளூர்ல டிஎன்பிஎல் காகித ஆலைல கரும்புச் சக்கைல இருந்து நியூஸ்பிரிண்ட் எடுத்துக் காட்டுன மாநிலம் நம்மளது, இருந்தும் நாடு பூரா வெளிநாட்டுக் காகிதத்தை நம்பித்தான் பெரும்பகுதி ஓடுது. 2019 பட்ஜெட்ல அதுக்கு 10 பர்சன்ட் இறக்குமதி வரி போட்டு அடுத்த வருஷம் 5-ஆ குறைச்சாங்க, 2022-ல ரஷ்யா உக்ரைன் சண்டை வந்ததும் காகித விலை ஏறிப் போச்சு. இன்னொரு பக்கம் மணமகள் தேவை எல்லாம் பாரத் மேட்ரிமோனிக்குப் போச்சு, வேலை விளம்பரம் நௌக்ரிக்கு, பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி விக்கிறவன் ஓஎல்எக்ஸுக்குப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை வரி விளம்பரம் நாலு பக்கம் வந்த பேப்பர்ல இப்ப ஒரு பக்கம் நிறையல. இதை எல்லாம் யோசிச்சா அந்த ஆப்ல ஏன் அப்படி அடிச்சுப் பிடிக்கிறாங்கன்னு புரியுது. புரியுதுங்கிறதுக்காக சரின்னு சொல்ல முடியல. அதுலயும் அச்சுப் பேப்பருக்கு ஜிஎஸ்டி இல்ல, அதே செய்தியைத் திரைல படிச்சா 18 பர்சன்ட். இந்த வரியை அரசாங்கம் எடுத்தே ஆகணும், எங்க ஊர்ச் செய்தி படிக்கிறது ஆடம்பரம் கிடையாது.

நியூயார்க் டைம்ஸ் 2011-ல காசு கட்டுனாத்தான் படிக்கலாம்னு வேலி போட்டாங்க, 2022-ல வேர்டில்ங்கிற வார்த்தை விளையாட்டையே விலைக்கு வாங்குனாங்க, சமையல், விளையாட்டுன்னு எல்லாம் சேத்து அடுத்த வருஷம் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டுனாங்க. உடனே நம்ம ஆளுங்களும் ஆப்ல சுடோகு வைக்கிறாங்க. அவங்களுக்கு உலகம் பூரா இங்கிலீஷ் படிக்கிறவன் வாசகன், நமக்கு ஒரு ஜில்லா. ஜில்லாவை நல்லா பண்ணுனாலே போதும்னு நான் சொல்றேன். 1963-லயே இந்து பேப்பர் காலைல ஊர் ஊரா போய்ச் சேரணும்னு சொந்தமா விமானம் வச்சு அனுப்புனாங்க, 69-ல பக்கத்தையே ஃபேக்சிமிலி வழியா அனுப்பி வேற ஊர்ல அடிச்சாங்க. விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்ங்கிற வெறி இருந்த தொழில் இது. அந்த வெறியை இப்ப ஆப்ல காணோம், கிளிக்குக்கு மட்டும்தான் இருக்கு.

இன்னொண்ணு, பழைய பேப்பர் தேடுற வசதி. என் சந்தால ஈ-பேப்பர் 90 நாள்தான் பின்னாடி போகும், அதுக்கு மேல போகாது. அந்தப் பொது அறிவிப்பை நான் அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சது நல்லதாப் போச்சு. ஆப்ல வந்த செய்தி அதை விட மோசம், நான் சேமிச்சு வச்ச லிங்க்ல நாலுல ஒண்ணு இப்ப "பக்கம் கிடைக்கவில்லை". சுதேசமித்திரன் 1882-ல வாரப் பேப்பரா ஆரம்பிச்சு 1899-ல தினசரி ஆச்சு, அந்தக் காலத்துப் பேப்பரைத் தேடி ஆராய்ச்சி பண்றவங்க இன்னைக்கும் லைப்ரரிக்குப் போறாங்க. அச்சான பேப்பர் சென்னை கன்னிமாரா லைப்ரரிக்குப் போகணும்னு சட்டமே இருக்கு, 1956-ல நாளிதழையும் அதுல சேத்தாங்க. இணையத்துல வந்த செய்திக்கு அப்படி ஒரு கன்னிமாரா இல்ல. அவங்க சர்வரை மாத்துன அன்னைக்கு அது போச்சு. 2025 பிப்ரவரில ஒரு கார்ட்டூனுக்காக விகடன் வெப்சைட்டையே முடக்குனாங்க, மூணு வாரம் கழிச்சு ஹைகோர்ட் சொல்லித்தான் தடை விலகுச்சு, அந்த நாள்ல கடைல தொங்கின புத்தகம் தொங்கிட்டேதான் இருந்துச்சு. அதனால அச்சு வேணாம், எல்லாம் போன்ல வந்துருச்சுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

வாங்கலாமான்னு கேட்டா, ஊரை விட்டு வெளிய இருக்கீங்க, ஊர்ல அப்பா அம்மா இருக்காங்க, ஒரு சென்ட் நிலமாவது இருக்குன்னா ஈ-பேப்பருக்காக மட்டும் கட்டுங்க. 5-க்கு மூணரை குடுப்பேன். போன்ல வேணாம், பத்து இன்ச் டேப்லயோ லேப்டாப்லயோ படிங்க. ஊர்ப்பக்கத்துக் கீழ் ஓரத்தை விடாதீங்க. ஆப்புக்கு ஒண்ணே கால், அதுவும் அந்த நடுப்பக்கக் கட்டுரைக்காக. இறக்கின உடனே நோட்டிபிகேஷனை மொத்தமா அணைச்சிருங்க. கட்டும்போது ஆட்டோபே டிக் அவங்களே போட்டு வச்சிருப்பாங்க, பாத்து எடுத்து விட்டுருங்க, நான் எடுக்காம விட்டு ரெனியூவலுக்கு முந்தின நாள் மெசேஜ் வந்தப்புறம் யுபிஐல போய் நிறுத்துனேன். ஊர்லயே இருக்கீங்கன்னா இது எதுவும் வேணாம், ஏஜென்ட்கிட்ட சொல்லி பேப்பர் போடச் சொல்லுங்க, அந்த லைன்ல ஒரு வீடு கூடுறது அவருக்கு எவ்வளவு பெருசுன்னு நான் நேர்ல பாத்தேன்.

பேப்பர் ஆபீஸுக்கு ஒரு பக்கத்துக்கு மெயில் போட்டேன், ஊர் பேர் வச்சுத் தேடுற வசதி, விளம்பரத்தையும் எழுத்தா ஏத்துறது, தொடர்ச்சிப் பக்கத்துக்கு லிங்க், இது மூணும் கேட்டு. ஒன்பது நாள் கழிச்சு சர்குலேஷன்ல இருந்து ஒருத்தர் போன்ல கூப்பிட்டாரு. மெஷின் பதில் வரும்னு நினைச்ச எனக்கு அதுவே ஆச்சரியம். பொறுமையா கேட்டுட்டு "சார், அறிவிப்பைத் தேடிப் படிப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல, எங்களுக்கு வர்ற ரிப்போர்ட்ல கிளிக் கணக்கு மட்டும்தான் இருக்கும்"னாரு. அந்த சர்வே நம்பர் கதையை அவருக்கு முழுசா சொன்னேன். டெஸ்க்ல பேசிட்டுச் சொல்றேன்னாரு, இன்னும் கூப்பிடல.

நேத்து ராத்திரி ரெனியூ பண்ணிட்டேன், ஆட்டோபே இல்லாம, ஈ-பேப்பர் மட்டும் தனியா இருக்கிற பிளான். ஊர்ல அப்பாவுக்கு ஒரு பழைய டேப் குடுத்துட்டு வந்திருக்கேன், அஞ்சரைக்கு எந்திரிச்சு ஊர்ப்பக்கத்தைப் பெருசு பண்ணி கீழ் ஓரம் வரைக்கும் படிச்சிடுறாரு. ஆறேகாலுக்கு அண்ணாச்சி வாசல்ல பேப்பரை வீசிட்டுப் போனதும் அதையும் எடுத்து முதல் பக்கத்துல இருந்து மறுபடி ஆரம்பிக்கிறாருன்னு அம்மா சொன்னாங்க.